ஆணியில் தொங்கும் புத்தகப் பை

டிசம்பர் 22, மாலை ஐந்தேகால் மணி. சென்னையில் இந்நேரம் வெயில் மொட்டைமாடியை விட்டு இறங்கியிருக்காது. கிழக்கே சுமார் 1,360 கிலோமீட்டர் தள்ளி, அந்தமானின் தலைநகரில் சூரியன் மறைந்து கால் மணி நேரமாகிவிட்டது. 2024 செப்டம்பரில் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. வாய்ப் பழக்கத்தில் பலருக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். அபர்தீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றி விளக்குகள் எரிகின்றன. கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன.

அங்கே ஒரு தமிழ் வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கப்பலேறியவர். அப்பா சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் வண்டி ஓட்டுகிறார். வருஷத்தில் நாலு காசு பார்ப்பதற்கு அவருக்கு இருப்பது இந்த டிசம்பரும் ஜனவரியும்தான். அம்மா அக்கம்பக்கத்து வீடுகளின் ஆர்டருக்காக அச்சு முறுக்கும் கல்கல்லும் சுட்டுக்கொண்டிருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. அவளுடைய புத்தகப் பை, விடுமுறை விட்ட நாளில் மாட்டிய அதே ஆணியில் தொங்குகிறது.

"ஏத்தா, பையைத் தொறந்து அஞ்சு நாளாச்சேத்தா" என்கிறார் அப்பத்தா.

"கேரல்ஸ் முடிஞ்சதும் செய்றேன் அப்பத்தா."

நேற்று, "நட்சத்திரம் கட்டி முடிச்சதும்" என்றாள். முந்தாநாள், "குடிலுக்கு வைக்கோல் கொண்டு வந்ததும்" என்றாள். இருபத்தைந்தாம் தேதிக்குப் பிறகு "பண்டிகை முடிஞ்ச களைப்பு" என்பாள். அதற்குப் பிறகு புத்தாண்டு வந்துவிடும். பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ராத்திரி என்ன நடக்கும் என்பது பிள்ளை வளர்த்த எல்லாருக்கும் தெரியும். கண்ணீர், அதட்டல், அம்மா கையெழுத்தில் பாதி வீட்டுப்பாடம்.

இந்த வீட்டில் இந்த வாரம் அதிகமாக உழைத்தவர்கள் பட்டியலில் அந்தச் சிறுமிக்கு இரண்டாவது இடமாவது கிடைக்கும் என்பதுதான் வேடிக்கை. அரை கிலோ மைதாவுக்குச் சொன்ன அளவை இரண்டரை கிலோவுக்குப் பெருக்கிச் சொன்னவள் அவள். பதினான்கு வீட்டுப் பொட்டலங்களை எண்ணிக் கட்டியவள் அவள். யார் பணம் கொடுத்தார்கள், யார் பாக்கி என்பது அவள் நோட்டில்தான் இருக்கிறது. பாடகர் குழுவுக்குப் பாட்டுகளைப் பிரதி எடுத்ததும் அவளே. கணக்கு, எழுத்து, வாசிப்பு எல்லாம் நடந்திருக்கின்றன. நடக்காதது ஒன்றுதான்: பையைத் திறப்பது.

எனவே "சோம்பேறி" என்ற சொல் இங்கே பொருந்தாது. சோம்பேறி எதையும் செய்யமாட்டான். தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வார்கள். அந்த ஒன்று எது, ஏன் அது மட்டும் என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உளவியல் ஆய்வாளர்களான பியூஷியா சிரோயிஸும் டிமோதி பிச்சிலும் 2013-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதல்ல, மனசங்கடத்தைச் சமாளிக்கத் தெரியாததால் வருவது என்பது அவர்கள் வாதம். ஒரு வேலையை நினைத்தாலே பயமோ சலிப்போ அவமானமோ தோன்றுகிறது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றதும் அந்தச் சங்கடம் உடனே விலகுகிறது. அந்த நிம்மதி உண்மையானது. அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அடுத்த வாரத்து ஆள். பதினொரு வயதில் அடுத்த வாரத்து ஆள் யாரோ அந்நியர் மாதிரி.

சரி, அந்தப் பைக்குள் என்ன பயம் இருக்கிறது? பின்னக் கணக்குகள் இருபது. அதில் முதல் ஐந்து அவளுக்கு வரும். ஆறாவதிலிருந்து பகுதி எண்கள் வேறு வேறாக இருக்கும். அதை வகுப்பில் நடத்தியபோது அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். அந்தமானில் இது விசேஷமான நிலைமை அல்ல. தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள், நிகோபாரிகள் என்று பல மொழிக் குடும்பங்கள் இந்தியைப் பொதுமொழியாக வைத்துக்கொண்டு வாழும் தீவு அது. அரசுப் பள்ளிகளில் தமிழ்வழிப் பிரிவும் உண்டு. ஆனால் இவளைப் போல ஆங்கிலவழியில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. அப்பாவுக்கு நேரமில்லை, அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் தெரியாது, அப்பத்தாவுக்குப் பின்னம் தெரியாது. பையைத் திறந்தால் ஆறாவது கணக்கு அவளைப் பார்த்து முறைக்கும். திறக்காமல் இருந்தால் அவள் கெட்டிக்காரப் பெண், பாக்கிக் கணக்கைப் பைசா பிசகாமல் சொல்கிறவள். எந்தப் பிள்ளைதான் திறக்கும்?

விடுமுறையில் எதற்கு வீட்டுப்பாடம் என்று கேட்கும் கட்சியும் ஒன்று உண்டு. அந்தக் கட்சிக்கு வலுவான ஆட்கள் இருந்திருக்கிறார்கள். நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தம் முதல் உரையிலேயே அரசியலை விட்டுவிட்டு, புத்தகப் பையின் பாரத்தில் கூன் விழும் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அதன் தொடர்ச்சியாக விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, சுமையில்லாத கற்றல் என்ற அறிக்கையை 1993-இல் தந்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப் பைக் கொள்கை அளவே நிர்ணயித்தது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு மணி. அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்கு நாளுக்கு இரண்டு மணி. எல்லாம் உச்சவரம்புகள்.

ஆனால் உச்சவரம்பைப் படித்துக்காட்டினால் ஆணியில் தொங்கும் பை இறங்கிவிடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, பத்து நாள் விடுமுறைக்குக் கொள்கைப்படியே கொடுத்திருந்தாலும் மொத்தம் ஏழெட்டு மணி நேர வேலை. பத்து நாளில் பரப்பினால் ஒன்றுமில்லை. கடைசி ராத்திரியில் குவித்தால் மலை. பைக்குள் இருக்கும் வேலையின் அளவைவிட, அதை எப்போது திறப்பது என்பதுதான் இந்த வீட்டின் பிரச்னை.

இந்தப் பிரச்னையை, அதுவும் கிறிஸ்துமஸ் சமயத்திலேயே, ஜெர்மனியில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் கோல்விட்ஸரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு அது. விடுமுறைக்குப் புறப்படும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதி, 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். குடும்பமே கூடியிருக்கும் நேரத்தில், விருந்துக்கும் பரிசுகளுக்கும் நடுவில், பேனாவைத் தேட வேண்டிய வேலை. எல்லாரும் சம்மதித்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று கேட்டு, அதை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நேரமும் இடமும் குறித்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கினர் கெடுவுக்குள் எழுதினார்கள். வெறுமனே சம்மதித்தவர்களில் எழுதியவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. முன்னவர்கள் அதிக நல்லவர்கள் அல்ல; அதிக ஒழுக்கசாலிகளும் அல்ல. "செய்கிறேன்" என்பதற்கும் "இருபத்தைந்தாம் தேதி காலைக் காப்பிக்குப் பிறகு ஜன்னலோர மேஜையில் செய்கிறேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. காப்பி குடித்து முடித்ததும் மேஜையே ஞாபகப்படுத்திவிடுகிறது. அந்த நேரத்தில் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பெரியவர்களும் இதில் யோக்கியர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1994-இல் கனடாவில் ரோஜர் ப்யூலரும் சகாக்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பட்டப்படிப்பு மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள். கெட்ட காலத்துக்குப் போட்ட கணக்கும் போதவில்லை. பள்ளி திறக்க இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று நினைக்கும் சிறுமி மனித ஜாதியின் பொதுவான தவறைத்தான் செய்கிறாள்.

அப்படியானால் நேரம் குறிக்க வேண்டும். எந்த நேரம்? இங்கேதான் தீவு குறுக்கிடுகிறது. "சாயங்காலம் விளக்கு வைத்ததும் படிக்க உட்கார்" என்பது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சட்டம். அந்தமானின் கடிகாரம் மிர்சாபூர் அருகே செல்லும் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சூரியன் அப்படி ஓடுவதில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே விடிவது ஐந்தரை மணி சுமாருக்கு; அஸ்தமனம் ஐந்து மணிக்கு. கிறிஸ்துமஸ் வாரத்தில் விளக்கு வைத்த பிறகு உள்ள நேரம் முழுவதும் பாட்டுக்குழுவுக்கும் வீடு வீடாகப் போவதற்கும் உரியது. பெட்ரோமாக்ஸ் காலம் போய் எல்.இ.டி. நட்சத்திரம் வந்தாலும் பண்டிகை இருட்டில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளையைப் பின்னத்தோடு உட்கார வைத்தால், காது வாசலில் இருக்கும். கை மட்டும் நோட்டில் இருக்கும்.

ஆனால் காலை ஆறு மணிக்கு அங்கே பளிச்சென்று வெளிச்சம். அப்பா படகுத்துறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்ற இன்னும் நேரமிருக்கும். வாசலில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்த அரை மணி நேரம் தீவு இலவசமாகத் தருவது. பத்து நாளுக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. இருபத்தைந்தாம் தேதியை விட்டுவிட்டாலும் குடி முழுகாது. பண்டிகையிலிருந்து ஒரு பாட்டைக்கூடப் பறிக்க வேண்டியதில்லை.

பண்டிகையைப் பறிக்கக்கூடாது என்பது இந்தத் தீவுகளில் வெறும் தாட்சண்யம் அல்ல. தலைநகரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது கார் நிகோபார். அங்கே பள்ளிக்கூடமும் கிறிஸ்துமஸும் ஏறக்குறைய ஒரே படகில் வந்து இறங்கியவை. கொண்டுவந்தவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார், 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அங்கே மூஸ் கிராமத்தில் தங்கி, நிகோபாரிச் சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த ஒரு பையன் மேற்படிப்புக்காகப் பர்மாவின் மாண்டலே வரை போனான். 1912-இல் ஆசிரியராகத் தீவுக்குத் திரும்பினான். அந்தப் பையன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிகோபாரின் நியமன உறுப்பினர். பைபிளை நிகோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர். அவருடைய பள்ளியில் பாடமும் பாட்டும் கால்பந்தும் ஒன்றோடொன்று சண்டையிட்டதாகத் தெரியவில்லை.

அந்தத் தீவின் பிள்ளைகளில் பலர் மேல்படிப்புக்குத் தலைநகரில் தங்கியிருப்பவர்கள். கிறிஸ்துமஸுக்குக் கப்பல் பிடித்து ஊர் திரும்புவது அவர்களுக்கு வருஷத்தின் பெரிய காரியம். துஹேத் என்று அவர்கள் சொல்லும் கூட்டுக்குடும்பம் முழுவதும் ஒன்றுசேரும் நேரம் அது. 2004-இலும் அப்படித்தான் திரும்பியிருந்தார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் எழுந்தது. மலாக்கா போன்ற கடலோரக் கிராமங்கள் தரைமட்டமாயின. அந்தமான் நிகோபார் தீவுகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல்போனார்கள். மிஞ்சியவர்கள் கிராமங்களை உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்த நாள் நினைவுநாள்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமையில், வீட்டுப்பாடத்தை எழுதாமல் அப்பாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பாடிய ஒரு பிள்ளையை யாராவது குறை சொல்ல முடியுமா? எழுதாமல் விட்ட கணக்கைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அந்தச் சனிக்கிழமையைப் பிறகு வாங்கிக்கொள்ள முடியாது. ஆகவே தள்ளிப்போடக்கூடாதவை இரண்டு: வீட்டுப்பாடம் ஒன்று, வீடு இன்னொன்று. முதலாவதை ஆணியில் மாட்டிவைக்கும் பிள்ளை இரண்டாவதையும் முழுதாக அனுபவிப்பதில்லை. கேரல் பாடும்போதும் ஆறாவது கணக்கு மனசின் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டேயிருக்கும். காலை அரை மணி நேரம் வேண்டியது மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல, ராத்திரிப் பாட்டுக்காகவும்தான்.

இதில் பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆனால் வழக்கமாகச் செய்வதற்கு நேர்மாறானது. ஏற்கெனவே வீணான ஐந்து நாளைச் சொல்லிக்காட்டுவதில் லாபமில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோலும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்ச்சி பிள்ளையை மேஜைக்கு அழைத்துவருவதில்லை. மேஜையிலிருந்து இன்னும் தூரமாக விரட்டுகிறது. திட்டு வாங்கிய நோட்டைத் தொடுவது இரட்டிப்புக் கஷ்டம்.

கேள்வியையும் மாற்றிக் கேட்கலாம். "முடிச்சாச்சா?" என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்கள். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கும். "எது வரலை?" என்று கேட்டால் பிள்ளை பையைத் திறந்துகாட்ட வேண்டியிருக்கும். கேட்கிற அம்மாவுக்குப் பின்னம் தெரிய வேண்டிய அவசியமில்லை. யாரைக் கேட்கலாம் என்று யோசித்தால் போதும். பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிக்கும் பிளஸ் டூ பையன் இருப்பான். சில்லறை எண்ணும் மளிகைக் கடைக்காரர் இருப்பார். தீவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

அன்று இரவு அந்த வீட்டில் கேரல்ஸ் முடிந்து திரும்ப மணி பத்தாகிறது. மிச்ச மாவை மூடிவைத்துக்கொண்டே அம்மா கேட்கிறார்:

"கணக்குல எது வரலை கண்ணு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு:

"ஆறாவதுலேருந்தும்மா."

"முதல் அஞ்சு வருமா?"

"வரும்."

"அப்ப அதை மட்டும் காலையில வாசப்படியில உக்காந்து போட்டுடு. அடுப்பு பத்த வைக்கறதுக்குள்ள. மிச்சத்தை கிட்டார் அண்ணன்கிட்டக் கேப்போம்."

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு அவள் ஐந்து கணக்கையும் போட்டுவிட்டாள். ஆறாவதை வெறுமனே ஒருமுறை படித்துப் பார்த்தாள். அரையும் கால்பாகமும் கூட்டச் சொல்லியிருந்தது. இரண்டு நாளாக மைதாவுக்கு அவள் போட்டுக்கொண்டிருந்த கணக்கு மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் சந்தேகம். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நோட்டை மூடினாள்.

பையை மறுபடி ஆணியில் மாட்டவில்லை. அன்று மாலை பாட்டுக்குழுவுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போக வசதியாக, வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.